சிரமத்திற்கு வருந்த வேண்டாம்

சாலை நடுவே ஒரு மரக்கிளை செருகி நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே பள்ளம் இருக்கிறது. இலை பச்சையாக இருந்தால் பள்ளம் புதுசு. சருகாகியிருந்தால் தோண்டிப் பல நாளாகியும் இன்னும் மூடவில்லை. யாரோ ஒரு டீக்கடைக்காரர், ஒரு ஆட்டோ ஓட்டுநர், சில சமயம் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்த ஒருவர், பக்கத்து மரத்திலிருந்து ஒடித்துச் செருகிவிட்டுப் போயிருப்பார். அவருக்கு அதற்குச் சம்பளம் கிடையாது. அவர் சிவில் இன்ஜினியரிங் படித்தவரும் இல்லை. அடுத்து வருகிறவன் விழக்கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான்.

அதே பள்ளத்துக்குச் சற்றுத் தள்ளி, துறையின் பெயரும் ஒப்பந்ததாரரின் பெயரும் போட்ட பலகை ஒன்று இருக்கும். பெரும்பாலும் சாய்ந்து நிற்கும். "பணிகள் நடைபெறுகின்றன. சிரமத்திற்கு வருந்துகிறோம்."

இந்தக் கட்டுரை அந்தப் பலகைக்கு எதிரானது. கிளை செருகியவர் பக்கம் நின்று எழுதுகிறேன்.

சிரமம் என்றால் என்ன? அலுவலகத்துக்கு இருபது நிமிடம் தாமதமாவது சிரமம். தூசி மூக்கில் ஏறுவது சிரமம். சுற்றிக்கொண்டு போவதில் பெட்ரோல் வீணாவது சிரமம். விளக்கில்லாத சாலையில் இரவு ஒன்பதரை மணிக்கு ஆறடிப் பள்ளத்துக்குள் வண்டியோடு விழுவதற்குத் தமிழில் வேறு சொற்கள் இருக்கின்றன. அதையும் சேர்த்துச் சிரமம் என்று எழுதி வைப்பவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. நடக்கப்போவதை முன்கூட்டியே சின்னதாக்கி வைக்கிறார்.

1

எங்கள் சித்தப்பாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. டெல்டாவில் ஒரு சிறிய ஊர். அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் ஒரே சாலையில், அதில் கடைசிப் பதினைந்து வருடம் ஒரே டி.வி.எஸ். எக்ஸெல்லில், வீட்டுக்கும் ஆலைக்குமாகப் போய் வந்தவர். அந்தச் சாலையை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். வாய்க்கால் மேலிருந்த சிறுபாலத்தில் ஒரு பாதியை இடித்துப் போட்டார்கள். மறுபாதியில்தான் இரு பக்கத்து வண்டிகளும் போக வேண்டும். இடித்த பாதிக்கு முன்னால் வெள்ளையடித்த நான்கு கருங்கற்கள், ஒரு குச்சியில் சிவப்புத் துணி. பகலில் பார்த்தால் இது போதுமே என்று தோன்றும்.

அன்றிரவு எதிரே ஒரு லாரி வந்திருக்கிறது. அதன் விளக்கு கண்ணில் அடித்திருக்கிறது. சித்தப்பா முப்பது வருடமாகச் செய்ததைப் போலவே இடப்பக்கம் ஒதுங்கினார். இடப்பக்கத்தில் சாலை இல்லை.

இடுப்பு எலும்பு முறிந்தது. இரண்டு அறுவை சிகிச்சைகள். இப்போது வாக்கர் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடக்கிறார். ஆலை வேலை போயிற்று.

எனக்குப் போன் வந்தபோது இரவு பத்தரை. கிடைத்த பேருந்தைப் பிடித்துக் காலை ஏழு மணிக்கு ஊரில் இறங்கினேன். மருத்துவமனைக்குப் போகிற வழியில்தான் அந்த இடம். ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். அங்கே சிவப்பு வெள்ளைப் பட்டை ஒட்டிய தடுப்புகள் ஆறு வரிசையாக நின்றன. பிளாஸ்டிக் ரிப்பன் கட்டியிருந்தது. ஒரு அம்புக்குறிப் பலகை. எல்லாம் புத்தம் புதுசு. ஒரு தடுப்பில் பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை.

சூப்பர்வைசர் போலிருந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். "நேத்தே வச்சிருந்தோம் தம்பி. யாரோ எடுத்து ஓரமாப் போட்டுட்டாங்க" என்றார். நான் பாலிதீன் உறையைக் காட்டினேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். அந்தத் தடுப்புகள் ஐந்நூறு அடி தள்ளி, ஜல்லி கொட்டி வைத்திருந்த இடத்துக் கொட்டகைக்குள் பல நாளாகக் கிடந்தவை என்று எதிர்ப்பக்கக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

வாங்கப் பணம் இருந்திருக்கிறது. வாங்கியும் இருக்கிறார்கள். ஐந்நூறு அடி தூக்கிக்கொண்டு வர ஒரு மனிதர் விழ வேண்டியிருந்தது.

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையைப் பார்த்தேன். சித்தப்பா தன் வண்டியை "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" ஓட்டி நிலைதடுமாறி விழுந்ததாக இருந்தது. அந்த வண்டியைப் பார்த்திருக்கிறவர்கள் சிரிப்பார்கள். எதிர்க்காற்று அடித்தால் நடந்து போகிறவன் அதை முந்திவிடுவான். அறிக்கையில் பாலம் இருந்தது, வாய்க்கால் இருந்தது. பாலத்தில் பாதி இல்லை என்பது மட்டும் இல்லை. எழுதிய ஏட்டு கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "இப்படித்தான் சார் எழுதணும், ஃபார்மட்" என்றார்.

நான் இங்கே கோபப்படுவது அந்த ஃபார்மட் மீது.

2

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் வேலையில் பாதி, ஆட்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே ஒன்றைப் பிரித்துச் சரிசெய்வது. ஒரு வங்கிச் செயலியில் மாற்றம் செய்கிறோம் என்றால் அதே நிமிடத்தில் யாரோ மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் அனுப்பிக்கொண்டிருப்பார். அதனால் மாற்றத்தை எழுதுவதைவிட அதை எப்படி உள்ளே இறக்குவது என்று திட்டமிடத்தான் அதிக நேரம் போகும். எந்த நேரத்தில் செய்வது, எதை முதலில் மூடுவது, தப்பானால் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவது, அன்றிரவு யார் விழித்திருப்பது. எங்கள் துறையில் தவறினால் போவது பணமும் தூக்கமும். சாலையில் போவது எலும்பும் உயிரும். அப்படியானால் அங்கே எங்களைவிடக் கறாராக இருக்க வேண்டாமா?

விதியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1934இல் தொடங்கப்பட்ட இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்தான் நம் சாலைகளுக்கான தரங்களை எழுதுகிறது. அதன் எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி முழுக்க முழுக்கச் சாலைப் பணியிடத்தில் போக்குவரத்தை எப்படிக் கையாள்வது என்பதற்காகவே எழுதப்பட்டது. முதல் பதிப்பு 2001, திருத்திய பதிப்பு 2014.

அதன் அடிப்படை எளிமையானது. வேலை நடக்கும் இடத்தை நாம் பள்ளம் என்று பார்க்கிறோம். வழிகாட்டி அதைப் பள்ளத்துக்கு வெகுதூரம் முன்பே தொடங்கும் ஒரு நீளமான இடமாகப் பார்க்கிறது. முதலில் முன்னெச்சரிக்கைப் பகுதி: 'முன்னால் வேலை நடக்கிறது, வேகத்தைக் குறை' என்று ஓட்டுகிறவருக்குச் சொல்லும் இடம். அடுத்து மாறும் பகுதி: தன் தடத்திலிருந்து அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாக நகர்த்தும் இடம். அதன் பிறகுதான் வேலை நடக்கும் பகுதி. கடைசியில் பழைய தடத்துக்குத் திரும்பும் பகுதி. நான்கில் மூன்று, ஓட்டுகிறவரின் கண்ணுக்கும் மூளைக்கும் நேரம் கொடுப்பதற்காகவே இருப்பவை.

ஏன் அவ்வளவு நீளம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுகிறவர் ஆபத்தைப் பார்த்து, புரிந்து, பிரேக்கை அழுத்த இரண்டரை நொடி என்று நம் சாலை வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பிரேக் பிடித்த பிறகும் வண்டி உடனே நிற்காது. எல்லாம் சேர்த்து 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 80 மீட்டர், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 120 மீட்டர் என்பது நம் தரநிலையிலேயே உள்ள எண். பழைய மொபெட்டின் விளக்கில் முப்பது, நாற்பது மீட்டர் தெரிந்தால் பெரிய விஷயம். ஆக, பள்ளத்தின் விளிம்பில் வைத்த கல் எச்சரிக்கை ஆகாது. அது தெரியும்போது செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

தடத்தை நகர்த்துவதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பின்பற்றும் கையேட்டின்படி, மூடப்படும் தடத்தின் அகலத்தை அடியிலும் வேகத்தை மைலிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 40 மைலோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், அகலத்தை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 60ஆல் வகுத்தால் சாய்வின் நீளம் கிடைக்கும். 12 அடித் தடம், 40 மைல் வேகம் என்றால் 320 அடி, அதாவது நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எட்டாம் வகுப்புக் கணக்கு. இந்த விடையை மனதில் வைத்துக்கொண்டு இன்று மாலை உங்கள் ஊரில் ஏதாவது ஒரு தடுப்பு தொடங்கும் இடத்தைப் பாருங்கள். சாய்வே இருக்காது. தடத்துக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரு தகரம். முன்னால் போன பஸ் சட்டென்று ஒடித்துத் திரும்பும்போதுதான் பின்னால் வந்த பைக்குக்கு அந்தத் தகரம் தெரியும்.

இன்னொன்று, இரவு. ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை சும்மா பளபளக்கும் ஸ்டிக்கர் கிடையாது. அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ, விளக்கு எங்கிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே ஒளியைத் திருப்பும். அதனால்தான் ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது தூரத்திலேயே எரிகிறது. வெள்ளைச் சுண்ணாம்பு அதைச் செய்யாது. சிவப்புத் துணி இரவில் கறுப்புத் துணி. பட்டை ஒட்டிய தடுப்பிலும் மேலே சேறு படிந்தால் அதன் வேலை முடிந்தது. யாராவது துடைக்க வேண்டும். நம்முடைய தடுப்புகள் பலவற்றில் பட்டையைவிட நகைக்கடை விளம்பரம் பெரிதாக இருக்கிறது.

நடந்து போகிறவர்களைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை. நடைபாதையைத் தோண்டினால் அவர்கள் எங்கே போவார்கள்? பிரிட்டனின் தெருப்பணி விதித்தொகுப்பு அவர்களுக்குத் தற்காலிகமாகக் குறைந்தது ஒரு மீட்டர், முடிந்தால் ஒன்றரை மீட்டர் அகலப் பாதை தரச் சொல்கிறது. இங்கே பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒற்றை வரிசையில் போகிறார்கள். 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் இரவில் விழுந்து ஓர் இளம் தொலைக்காட்சிச் செய்தியாளர் இறந்தார். செய்தித் துறையில் இருந்தவர் என்பதால் ஒரு வாரம் பேசினோம்.

3

என் கல்லூரி அறைத்தோழன் சிவில் படித்தவன். பதினைந்து வருடமாக ஒப்பந்த வேலைகளில் இருக்கிறான். சித்தப்பா விஷயத்தைச் சொல்லி, "ஏன்டா கொட்டகையிலேயே வச்சிருந்தானுங்க?" என்று கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "மச்சி, பில்லுல இல்லாத ஐட்டத்துக்கு எவன்டா ஆள் போடுவான்?"

அவன் சொன்ன பிறகுதான் தேடிப் படித்தேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சாலை, பாலப் பணிகளுக்கான விவரக்குறிப்பில் 112ஆம் பிரிவு, வேலை நடக்கும்போது போக்குவரத்துக்கு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. தடுப்பு, பலகை, இரவு விளக்கு, கொடி காட்டும் ஆள், எல்லாம் வருகிறது. பிரிவின் கடைசியில் பணத்தைப் பற்றிப் பேசும் இடத்தில், இந்த ஏற்பாடுகள் வேலையோடு சேர்ந்த உபரி, ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்று முடித்துவிடுகிறது.

உபரி. இந்த ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. மண் வெட்டினால் கன மீட்டருக்கு இவ்வளவு. கம்பி கட்டினால் டன்னுக்கு இவ்வளவு. தார் போட்டால் அளந்து பணம். தடுப்பை ராத்திரி நிமிர்த்தி வைத்தால் பணம் இல்லை. நிமிர்த்தி வைக்காவிட்டால் பிடித்தமும் இல்லை, ஏனென்றால் தனி வரியே இல்லாத ஒன்றிலிருந்து எதைப் பிடிப்பது? குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர் என்று இருக்கும்போது, பாதுகாப்புக்கு நேர்மையாக ஒரு தொகை ஒதுக்கியவர் அந்தத் தொகையின் அளவுக்குத் தோற்கிறார். நல்ல ஒப்பந்ததாரரைத் தண்டிக்கும் முறை இது. எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கெட்டவனாக இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்ற கணக்கை மாற்றாமல் ஒழுக்கத்தைப் போதிப்பதில் பயனில்லை என்கிறேன்.

சில பெரிய திட்டங்களில் பாதுகாப்புக்குத் தனி வரி உண்டு. அங்கே வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். நான் தினமும் போகும் ஓ.எம்.ஆர். அதில் ஒரு வழித்தடம். அங்கே நீளத்துக்கும் ஒரே மாதிரித் தடுப்பு, இரவில் விளக்கு, திருப்பங்களில் கொடியோடு ஆள். குறை உண்டு, கொடுமையும் நடந்திருக்கிறது. 2025 ஜூனில் ராமாபுரம் அருகே உத்திரங்கள் சரிந்து அந்த வழியே பைக்கில் போன ஒருவர் செத்துப்போனார். ஆனாலும், அந்த மெட்ரோ தடுப்பிலிருந்து பக்கத்துத் தெருவுக்குள் திரும்பினால் கேபிளுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டிய பள்ளங்களின் முன்னால் மணல் மூட்டை. ஊர் ஒன்று, ஜனங்கள் அதே ஜனங்கள். மெட்ரோவுக்கு ஜப்பானிய நிறுவனமும் ஆசிய வளர்ச்சி வங்கியும் மற்றவர்களும் கடன் தருகிறார்கள். கடனோடு நிபந்தனைகளும் வருகின்றன, அவற்றைச் சரிபார்க்க ஆளும் வருகிறார். கடன் கொடுத்தவன் கேட்டால் செய்ய முடிகிறது. வரி கொடுத்தவன் கேட்டால் பலகை கிடைக்கிறது.

4

இதை எங்கே பேசினாலும் எனக்கு மூன்று பதில்கள் வரும்.

முதல் பதில்: "நம்ம ஜனங்களுக்கு ஒழுக்கம் கிடையாது சார். தடுப்பு வச்சா நகர்த்திட்டுப் போயிடுவான்." இதில் உண்மை இருக்கிறது. நானே நகர்த்தியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில், மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது, குறுக்குத் தெருவை மூடியிருந்தார்கள். சுற்றிப் போக எங்கே வழி என்று ஒரு அம்புகூட இல்லை. முன்னால் இருந்த பைக்காரர் தடுப்பைச் சாய்த்தார், நான் இன்னும் கொஞ்சம் தள்ளினேன், எங்கள் பின்னால் இருபது பேர் போனார்கள். திரும்பி வைக்க யாரும் இறங்கவில்லை. நானும்தான். அன்றிரவு யாராவது அங்கே விழுந்தார்களா என்று எனக்குத் தெரியாது. சித்தப்பா விழுந்த பிறகு அதை நினைக்காத மாதம் இல்லை.

ஆகவே இந்தப் பதிலை நான் லேசாகத் தள்ளவில்லை. ஆனால் எங்கள் தொழிலில், பயனர் தப்பான பட்டனை அழுத்துவார் என்பது முதல் நாளே தெரிந்த விஷயம். அவர் அழுத்தினாலும் பணம் போகக்கூடாது என்று கட்டுவதுதான் வேலை. ஒரு ஆள் ஒற்றைக் கையால் நகர்த்த முடிகிற ஒன்றை வைத்துவிட்டு, நகர்த்திவிட்டான் என்று புகார் சொல்லக் கூடாது. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்பைத் தனியாளால் நகர்த்த முடியாது. மாற்றுவழியை முந்தைய சந்திப்பிலேயே காட்டியிருந்தால் நாங்கள் அங்கே வந்தே இருக்க மாட்டோம். ஒழுக்கம் குறைவான ஊரில் தடுப்பு உறுதியாக இருக்க வேண்டும் என்பதுதான் நேரான முடிவு. தடுப்பே வேண்டாம் என்ற முடிவுக்கு எப்படிப் போகிறார்கள்?

இரண்டாவது பதில்: "வளர்ச்சி வேணும்னா கொஞ்சம் பொறுத்துக்கணும்." யார் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். காரில் போகிறவருக்குப் பள்ளம் ஒரு குலுக்கல். சைக்கிள், மொபெட், தலைச்சுமை, சக்கர நாற்காலி, இவர்களுக்குத்தான் அது பள்ளம். பாலம் வேண்டாம் என்று சித்தப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. அகலப்படுத்துகிறார்கள் என்று சந்தோஷப்பட்டவர் அவர். எஸ்.பி. 55 சொன்னபடி செய்திருந்தால் பாலம் ஒரு நாள்கூடத் தாமதமாகியிருக்காது. தடுப்புகள்தான் ஏற்கெனவே கொட்டகையில் இருந்தனவே.

மூன்றாவது பதில்: "இதெல்லாம் பணக்கார நாட்டுக்கு." பிரிட்டனின் 1991ஆம் ஆண்டுத் தெருப்பணிச் சட்டம், தெருவைத் தோண்டும் வேலையில் பயிற்சி பெற்றுத் தகுதிச் சான்று வாங்கியவர் இருக்க வேண்டும் என்கிறது. யார் தோண்டுகிறார்கள், அவசரத்துக்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று பலகையில் இருக்க வேண்டும். லண்டனில் 2012 முதல் முக்கியச் சாலைகளில் நெரிசல் நேரத்தில் தடத்தை அடைத்துக்கொண்டு வேலை செய்தால் நாளுக்கு 2,500 பவுண்டு வரை வாடகை கட்ட வேண்டும். இதில் எதற்குப் பணக்கார நாடு வேண்டும்? வாடகை என்பது அரசுக்கு வருகிற பணம். பலகையில் ஒரு செல்போன் எண் எழுத எவ்வளவு செலவாகும்? வருந்துகிறோம் என்று எழுதுகிற பெயிண்டிலேயே எழுதலாம்.

5

சட்டம் என்ன சொல்கிறது? 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் பணி நடக்கும் சாலைகளுக்கென்று தனி வரிசை உண்டு. அதில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் சாவு. அதுவும் காவல் நிலையத்தில் எழுதப்பட்டதிலிருந்து வரும் கணக்கு. சித்தப்பாவின் அறிக்கை அந்த வரிசைக்குப் போயிருக்காது. அதில்தான் பள்ளமே இல்லையே.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். உடைந்த எலும்புகளை ஒட்டிக்கொண்டே இருந்த ஒருவர், இவை ஏன் உடைகின்றன என்று கேட்கப் போனார் என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்த வழக்கில்தான் 2014இல் சாலைப் பாதுகாப்புக்கான நீதிமன்றக் குழு அமைந்தது. 2018 டிசம்பரில், ஐந்து வருடத்தில் குழிகளால் மட்டும் 14,926 பேர் இறந்திருப்பதைப் பார்த்துவிட்டு, எல்லையில் பயங்கரவாதிகளால் இறப்பவர்களைவிட இது அதிகமாக இருக்கும்போலிருக்கிறதே என்ற பொருளில் நீதிபதிகள் கடிந்துகொண்டார்கள்.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற புதுப் பிரிவு வந்தது. சாலையை வடிவமைக்கிற, கட்டுகிற, பராமரிக்கிற அதிகாரியோ ஒப்பந்ததாரரோ தரநிலையை மீறி, அதனால் சாவோ ஊனமோ ஏற்பட்டால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஹெல்மெட் போடாவிட்டால் ஆயிரம் ரூபாய். அதற்கு யாரும் விழத் தேவையில்லை, தெருமுனையில் போலீஸ் நின்றால் போதும். தடுப்பு வைக்காததற்கு அபராதம் போட ஒருவர் சாகவோ முடமாகவோ வேண்டும். அப்போதும் அதிகபட்சம் ஒரு லட்சம். கோடிகளில் நடக்கிற வேலைக்கு இது தண்டனை ஆகாது, செலவுக் கணக்கில் ஒரு வரி. அதுவும், அறிக்கையில் பள்ளம் எழுதப்பட்டால்தான்.

ஆக, இரண்டு இடங்களில் ஒரு வரி விடுபடுகிறது. டெண்டரில் பாதுகாப்புக்கு வரி இல்லை. முதல் தகவல் அறிக்கையில் பள்ளத்துக்கு வரி இல்லை. முதலாவது இல்லாததால் ஆள் விழுகிறார். இரண்டாவது இல்லாததால் விழுந்தவரே குற்றவாளி ஆகிறார்.

நான் கேட்பது இந்த இரண்டு வரிகளைத்தான். ஒவ்வொரு டெண்டரிலும் போக்குவரத்துப் பாதுகாப்புக்குத் தனித் தொகை வேண்டும்; அதில் விலைப்போட்டி கூடாது. நாள் கணக்கில் பணம் கொடுங்கள், இரவு சோதித்து இல்லாவிட்டால் அந்த நாள் பணத்தைப் பிடியுங்கள். அந்தச் சோதனையை ஜீப்பில் போய்ச் செய்யக் கூடாது. பொறுப்பான பொறியாளர் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மொபெட்டில் அந்த வழியே ஒரு தடவை போய் வர வேண்டும். தன் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துப் போகத் துணிந்தால் கையெழுத்துப் போடலாம். காவல் நிலையத்தில், வேலை நடக்கும் இடத்தில் நடந்த எந்த விபத்திலும், தடுப்பும் எச்சரிக்கையும் தரநிலைப்படி இருந்தனவா என்று எழுதுவது கட்டாயமாக வேண்டும், விடிவதற்குள் எடுத்த புகைப்படத்தோடு. விடிந்தால் பாலிதீன் உறையோடு தடுப்பு வந்துவிடும் என்பதைத்தான் நான் பார்த்துவிட்டேனே.

இதில் இன்னொரு தரப்பும் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து, பாய்ந்து வரும் லாரிகளுக்கு முன்னால் ஒரு பச்சைக் கொடியை மட்டும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற பையன். அவனுக்கு மொழி தெரியாது. பயிற்சி கிடையாது. சில இடங்களில் சட்டையின் மேல் ஒளிரும் மேலங்கிகூட இல்லை. நாம் ஹாரன் அடித்துத் திட்டுவது அவனைத்தான். சாய்வு இல்லாத தடுப்பில் வண்டி மோதினால் முதலில் அடிபடுவதும் அவன்தான். சாலைப் பணியிடப் பாதுகாப்பு என்பது ஓட்டுகிறவருக்கும் அவனுக்கும் ஒரே சட்டத்தில் கிடைக்க வேண்டியது.

6

சித்தப்பா வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் சாலை எப்படி இருக்கிறது என்று கேட்பார். போன பொங்கலுக்குப் போனபோது, பாலம் முடிந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றும், நல்ல அகலம், இரண்டு பஸ் தாராளமாகப் போகலாம் என்றும் சொன்னேன். "நல்லாக் கட்டிருக்கானா?" என்றார். "நல்லாத்தான் கட்டிருக்காங்க சித்தப்பா" என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். கட்டத் தெரியாதவர்கள் இல்லை நாம்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பலகை இன்னும் நிற்கிறது. பணிகள் நடைபெறுகின்றன, சிரமத்திற்கு வருந்துகிறோம். எந்தப் பணியும் நடக்கவில்லை. இப்படி வேலை முடிந்த பிறகும் நிற்கும் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத்தான், நிஜமாகவே வேலை நடக்கும் இடத்திலும் நாம் பலகையை நம்புவதில்லை. ஓயாமல் அடிக்கும் அலாரத்தை என் தொழிலிலும் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. திரும்பும்போது வண்டியை நிறுத்திவிட்டு அதைப் பிடுங்கிப் போடலாம் என்று இறங்கினேன். சிமெண்டு போட்டு ஊன்றியிருக்கிறார்கள். அசையவில்லை.